மகளுக்கு 18 ஆக இன்னும் ஏழு மாதம்

கேள்வி:

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் லைனில்தான் இருப்பார். ஒரே மகள். அரசு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ராத்திரி 2 மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் வீடியோ காலில் ஒருவன். வேறு சாதி. இன்ஸ்டாகிராமில் பழக்கமாம், எட்டு மாதமாம். மொபைல் கடையில் வேலை பார்த்தவன், இப்போது வேலை இல்லை. குடிப்பான் என்று விசாரித்ததில் தெரிந்தது. வயது 26. மகளின் கால் பவுன் மோதிரத்தைக் காணோம். கேட்டால், "அவருக்கு ஒரு அவசரம், மீட்டுக் குடுத்துருவாரு" என்கிறாள். சின்ன வயதிலிருந்து கூடப் படித்த தோழியிடம்கூடப் பேசுவதில்லை, அவனுக்குப் பிடிக்காதாம். ஒருநாள் இவள் போனை எடுக்கவில்லை என்று கையைக் கிழித்துக்கொண்டு போட்டோ அனுப்பியிருக்கிறான். இவளும் ஏதாவது போட்டோ அனுப்பியிருப்பாளோ என்று பயமாக இருக்கிறது. கோபத்தில் அறைந்துவிட்டேன். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "போனைக் குடுங்க, இல்லேன்னா செத்துருவேன்" என்கிறாள். கணவர் கோபக்காரர், அவரிடம் சொல்லவில்லை. என் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "அவன் கையக் காலை எடுத்துடறேன். தை மாசம் புள்ளைக்குக் கல்யாணத்தை முடிச்சிரலாம்" என்கிறார். மே மாதம் அவளுக்கு 18 முடிகிறது. அன்றைக்கே கிளம்பிப் போய்விடுவாளோ என்று தூக்கமே வருவதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடலாமா? அவனை நானே நேரில் பார்த்துப் பேசட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு வரியைப் பேசிவிடுவோம். "செத்துருவேன்" என்று அவள் சொன்னதைச் சும்மா மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். மிரட்டலாகவே இருக்கலாம். ஆனாலும் இந்த வயதில் நினைப்புக்கும் செயலுக்கும் நடுவில் சில நிமிடங்களே இருக்கலாம். வீட்டில் எலி மருந்து, பூச்சிமருந்து, மிச்சம் மீதி மாத்திரைகள் இருந்தால் இன்றைக்கே வெளியே கொண்டுபோய்விடுங்கள். அப்புறம் அவளிடமே நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு நெஜமாவே தோணுதா கண்ணு?" கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல ஆகுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அவள் ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அன்றைக்கு அவளைத் தனியாக விடாதீர்கள். தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ராத்திரி நேரம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. தமிழக அரசின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

சரி, இப்போது அந்த ஏழு மாதத்துக்கு வருகிறேன்.

நீங்கள் மே மாதத்தை நினைத்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஆளும் அதே நாளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான். ஆலோசனை சொல்வதற்காக மகளிர் காவல் நிலையங்களுக்குப் பல முறை போயிருக்கிறேன். அங்கே மறக்க முடியாத ஒரு காட்சி உண்டு. 18 முடிந்து நாலைந்து நாள் ஆன பெண், கையில் பிறப்புச் சான்றிதழின் ஜெராக்ஸ். "நான் மேஜர், இவர்கூடத்தான் போவேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அம்மா ஸ்டேஷன் வாசலில் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார். போலீஸாரால் அதற்குமேல் செய்ய ஒன்றுமிருக்காது. அந்தப் பெண்களிடம் பொறுமையாகப் பேசினால், பலருடைய கதையில் கடைசி ஆறு மாதம் ஒரே மாதிரி இருக்கும். போன் பிடுங்கப்பட்டது. அடி விழுந்தது. படிப்பு நின்றது. அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் பேச மிச்சம் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

அப்படிப் போன ஒரு பெண் இரண்டு வருடம் கழித்து, கையில் குழந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். அவள் சொன்னது இன்னும் எனக்குள் இருக்கிறது. "அவன் சரியில்லைன்னு போன நாலாவது மாசமே தெரிஞ்சிருச்சு மேடம். ஆனா வீட்டுக்குப் போனா, 'நாங்க அன்னைக்கே சொன்னோம்ல'ன்னு சொல்லுவாங்களே. அதைக் கேக்கறதுக்கு இவன்கிட்ட அடி வாங்கறதே மேல்னு இருந்துட்டேன்."

உங்கள் மகளுக்கு அந்த நிலை வரக் கூடாது. இந்த ஏழு மாதத்தில் அவனை அவள் மனதிலிருந்து பிடுங்கி எறிய உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் அவனைப் பார்த்து முதன்முதலாகப் பயப்படும் நாளில் அவளுக்கு நீங்கள் நினைவுக்கு வர வேண்டும். அதை உங்களால் செய்ய முடியும். நான் கீழே எழுதுவது எல்லாமே அதற்காகத்தான்.

ஒன்றை மனம் நோகாமல் சொல்ல முயல்கிறேன். உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி வரும் முதல் தகவல் "வேறு சாதி" என்பது. இன்ஸ்டாகிராம், மொபைல் கடை, குடி எல்லாம் தாண்டித்தான் "வயது 26" வருகிறது. வீட்டிலும் அதே வரிசையில்தான் பேசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அண்ணனும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். மகள் காதில் விழுந்தது அந்த முதல் வார்த்தை மட்டும்தான். சாதி பார்ப்பது தப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை அவள். அந்த விஷயத்தில் அவள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நீங்கள் சாதியைச் சொல்லச் சொல்ல, வேலை இல்லாத, குடிக்கிற, மோதிரத்தை வாங்கிக்கொண்டு போன ஓர் ஆள் அவள் கண்ணுக்கு அநியாயத்துக்கு எதிராக நிற்கிற வீரனாகத் தெரிவான். அவனுடைய உண்மையான குறைகள் அத்தனையும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் சாதி என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அவளிடம் மட்டுமில்லை, மனதுக்குள்ளும். உங்கள் சொந்த சாதியில், இதே வயதில், இதே குணத்தோடு ஒருவன் வந்திருந்தாலும் இதே பதிலைத்தான் நான் எழுதியிருப்பேன்.

அவள் வகுப்புப் பையன் ஒருவன் மேல் ஆசைப்பட்டிருந்தால் என் பதில் இவ்வளவு நீளாது. பரீட்சை முடியட்டும், எங்களுக்குத் தெரிந்து பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். இது அப்படி இல்லை. 17 வயதுக்கும் 26 வயதுக்கும் நடுவில் இருக்கிற ஒன்பது வருடம், 30க்கும் 39க்கும் நடுவில் இருக்கிற ஒன்பது வருடம் மாதிரி கிடையாது. அவன் வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, ஊர் சுற்றி, பலரோடு பழகியவன். இவள் இன்னும் யூனிபார்மில் இருக்கிறாள். அவன் வயதுப் பெண்ணாக இருந்தால், "வேலைக்குப் போகாம எதுக்கு என் மோதிரத்தைக் கேக்கற?" என்று முதல் நாளே கேட்டிருப்பாள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் நாலு விஷயங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. தோழியிடமிருந்து பிரித்தது. ராத்திரி 2 மணி வரை தூங்க விடாதது. நகையை வாங்கியது. கையைக் கிழித்துப் படம் அனுப்பியது. கடைசியாகச் சொன்னதை உங்கள் மகள் காதலின் ஆழம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். "எனக்காக ரத்தம் சிந்தினாரு" என்று மனதுக்குள் பெருமைகூட இருக்கலாம். உண்மையில் அன்றிலிருந்து அவளால் போனை எடுக்காமல் இருக்க முடியாது. தூக்கம் வந்தாலும் எடுக்க வேண்டும், பரீட்சை இருந்தாலும் எடுக்க வேண்டும். ஒரு மனிதனின் உயிரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை 17 வயதுப் பிள்ளை தலையில் ஏற்றி வைத்திருக்கிறான். அவள் சாப்பிடாமல் இருப்பதற்குக் காதல் மட்டும்தான் காரணமா, அல்லது "போன் இல்லாம அவர் ஏதாவது பண்ணிக்கிட்டா?" என்ற பயமா என்று யோசித்துப் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு இருக்கும். அன்றைக்குப் பேசுங்கள். எதிரில் உட்கார வைத்து விசாரிப்பது போல வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, பின்னால் உட்கார்ந்து தலையைச் சிக்கெடுத்துக்கொண்டே பேசலாம். முகத்தைப் பார்க்காமல் பேசும்போது பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். தொடும்போது இறுக்கமும் தளரும். முதல் பேச்சாக, அறைந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். "அன்னைக்கு அடிச்சது தப்பு சாமி. பயத்துல கை ஓங்கிட்டேன்." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று தொடர்ந்தால் கேட்ட மன்னிப்பு வீணாகிவிடும்.

அடுத்து, எத்தனை நாளாப் பழக்கம், எங்கே பார்த்தீங்க, எத்தனை தடவை பார்த்தீங்க என்ற கேள்விகளை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள். "அவர்கிட்ட உனக்கு என்ன புடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். "அவர்" என்றே சொல்லுங்கள், கஷ்டமாக இருந்தாலும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இது உங்களுக்கு உலகத்திலேயே கடினமான வேலையாக இருக்கும், எனக்குத் தெரியும். அவள் சொல்லப்போவதில் உங்களுக்கு வலிக்கிற ஒன்று இருக்கலாம். என்னிடம் வரும் பெண்களில் பலர் சொல்வது இதுதான்: "டெய்லி சாப்ட்டியான்னு கேப்பாரு மேடம்." ஐந்து மணிக்குப் பள்ளி விட்டு வருகிறாள். அப்பா லைனில். அம்மா வர எட்டரை, ஒன்பது. பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போகும்போது, சாப்ட்டியா என்று கேட்க ஒரு குரல் போனில் இருந்தது. அவ்வளவுதான் ஆரம்பம். இதில் உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகை கட்டி வீட்டை நடத்த முடியும் என்பதை அறியாதவள் இல்லை நான். ஆனால் அந்த மூன்றரை, நாலு மணி நேரம் காலியாக இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், அதை நிரப்ப வழி தேடலாம். வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு ஷிப்டோடு வர முடியுமா? டீ டைமில் நீங்கள் ஒரு போன் போட்டு, மார்க்கைப் பற்றியோ பாத்திரத்தைப் பற்றியோ பேசாமல், சாப்ட்டியா என்று மட்டும் கேட்க முடியுமா?

அவள் பேசி முடித்தபின் ஒரே ஒரு கேள்வி. "அவர் ஏதாவது கேட்டு நீ 'முடியாது'ன்னு சொன்னா என்ன ஆகும் கண்ணு?" பதிலை வற்புறுத்த வேண்டாம். அவள் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுந்து போய்விட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வி அவளோடு இருக்கும். அடுத்த தடவை அவன் கத்தும்போது, அழும்போது, கையைக் கிழிப்பேன் என்று மிரட்டும்போது அவளுக்கு அது ஞாபகம் வரும். அவன் கெட்டவன் என்று நீங்கள் நூறு தடவை சொன்னால், நூறு தடவையும் அவனுக்காக அவள் வாதாட வேண்டியிருக்கும். அவளே தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டால் போதும்.

உங்கள் முடிவையும் மறைக்க வேண்டாம். "எனக்கு இதுல சம்மதம் இல்லை. 18 முடியற வரைக்கும் உன் பொறுப்பு என்னோடது, அவரைத் தனியாப் போய்ப் பார்க்க விட மாட்டேன். ஆனா உன்னை வெறுக்க மாட்டேன். எந்த ராத்திரியில எங்கிருந்து கூப்பிட்டாலும் வந்து கூட்டிட்டு வருவேன், ஒரு கேள்வி கேட்க மாட்டேன்." இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வாள். சொன்னால் காப்பாற்றுங்கள்.

போன் விஷயம். பீரோவில் பூட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது. அவள் அவனோடு பேசவில்லை என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? வகுப்பில் யாருடைய போனாவது இருக்கும், அல்லது அவனே ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருப்பான். ஒளித்துப் பேசும்போது ஆபத்து கூடுகிறது, ஏனென்றால் ஏதாவது தப்பாகப் போனாலும் உங்களிடம் சொல்ல முடியாது. பேசிய பிறகு போனைத் திருப்பிக் கொடுங்கள், ஒரு கட்டுப்பாட்டோடு: ராத்திரி 10 மணிக்கு ஹாலில் சார்ஜில் போட வேண்டும், உங்கள் போனும் அங்கேயேதான் இருக்கும். முதல் வாரம் சண்டை போடுவாள். ஆனால் பல பெண்கள் எனக்குப் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள், "அம்மா புடுங்கி வச்சுக்கிட்டாங்க" என்று ஒரு சாக்கு கிடைத்ததில் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்று. அவனிடம் தன் வாயால் முடியாது என்று சொல்ல முடியாத பிள்ளைக்கு, உங்கள் விதி ஒரு கவசம். அவளுக்குத் தெரியாமல் போனைத் திறந்து மெசேஜ் படிக்காதீர்கள். பாஸ்வேர்டு கேட்பது அவனைப் போன்றவர்கள் செய்கிற வேலை. நீங்களும் அதையே செய்தால் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

போட்டோ பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். கேட்டே ஆக வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சிலேயே வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, "இந்தக் காலத்துல நெறைய புள்ளைங்க இதுல மாட்டிக்கறாங்க. உன்கிட்ட ஏதாவது போட்டோ கேட்டு அனுப்பியிருந்தா சொல்லிரு. திட்ட மாட்டேன். அதை வெச்சு உன்னை யாரும் மிரட்ட விட மாட்டேன்" என்று சொல்லுங்கள். அனுப்பியிருந்தால் சில விஷயங்கள் அவசரமானவை. 18 நிரம்பாத பெண்ணிடம் அப்படிப்பட்ட படம் கேட்பதும், வைத்திருப்பதும், மிரட்டுவதும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்திலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் குற்றம். அவள் விருப்பப்பட்டுத்தான் அனுப்பினாள் என்பது அவனுக்கு உதவாது. பாதிக்கப்பட்டவள் அவள் என்பதை அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். அந்தப் படத்தை நீங்கள் உங்கள் போனுக்கு மாற்றிக்கொள்ளாதீர்கள். ஆதாரம் என்று அண்ணனுக்கோ வேறு யாருக்கோ அனுப்பவே அனுப்பாதீர்கள். அனுப்புவதும் குற்றம்தான். அவன் மிரட்டிய மெசேஜ்களை மட்டும் அழிக்காமல் வையுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதிவு செய்ய வழி இருக்கிறது. படம் பரவிவிடுமோ என்ற பயம் இருந்தால் டேக் இட் டவுன் என்ற இலவச சேவை ஒன்று உண்டு. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமலே அதற்கு ஓர் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்றவற்றில் அது ஏற்றப்பட்டால் தடுக்க உதவுகிறது.

அதற்கு மேலும் ஏதாவது நடந்திருக்கலாம். அந்தச் சாத்தியத்தை நினைக்கவே உங்களுக்கு நடுங்கும். நடந்திருந்தால், மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்து மூடி மறைக்கப் பார்க்காதீர்கள், அதில் உயிருக்கே ஆபத்து வரலாம். பெண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 18 வயதுக்குட்பட்ட பெண்ணிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ. அது மருத்துவருக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும், தெரிந்த எல்லாருக்குமே பொருந்தும். பெயர் வெளியே தெரிந்துவிடுமே என்று பயந்துதான் பல குடும்பங்கள் மருத்துவரிடமே போவதில்லை. கருக்கலைப்புக்காக வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022ல் சொல்லியிருக்கிறது. அவள் பெயரை ஊடகங்கள் வெளியிடுவதையும் சட்டம் தடுக்கிறது.

இனி அண்ணன். தங்கை மகள் மேல் அவருக்கு இருக்கும் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை; தாய்மாமன் என்ற உரிமையும் பதற்றமும் புரிகிறது. ஆனால் "கையக் காலை எடுத்துடறேன்" என்ற பேச்சை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டையில், 2016ல் பட்டப்பகலில் நடுரோட்டில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக. அந்தப் பெண்ணையும் வெட்டினார்கள், அவர் உயிர் பிழைத்தார். அந்தப் பாதையில் முதல் அடி இந்த மாதிரிப் பேச்சுதான். கோபத்தில் சொன்ன வார்த்தை என்று நீங்கள் நினைக்கலாம். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டால் யார் கையில் எது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு அடி விழுந்தால் அதற்கப்புறம் உங்கள் மகளை யாராலும் திருப்ப முடியாது. அடிபட்டவனை விட்டுவிட்டு வருவது துரோகம் என்று நினைப்பாள்.

தை மாதக் கல்யாணமும் நடக்கக் கூடாது. அவளுக்கு 18 முடியவில்லை. 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, நடத்தி வைப்பவர்களுக்கும் துணை நிற்பவர்களுக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. யாராவது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு போன் செய்தால் மண்டபத்துக்கே அதிகாரிகள் வந்துவிடுவார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மனதில் ஒருவனை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை இன்னொருவனுக்குக் கட்டி வைப்பது, அந்த இன்னொருவன் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுப்பதாகும். இதை அண்ணனிடம் நீங்கள் ஒருவர் மட்டும் சொன்னால் எடுபடாது. அதனால்தான் உங்கள் கணவருக்குத் தெரிய வேண்டும்.

ஆமாம், அவரிடம் சொல்லுங்கள். அண்ணன் வாயால் தெரிந்தால் இரண்டு கோபம் சேர்ந்து வரும், மகள் மேல் ஒன்று, மறைத்ததற்காக உங்கள் மேல் ஒன்று. அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது போனில் சொல்லாதீர்கள். ஊருக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு, மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். "கோபப்படுவீங்கன்னு பயந்துதான் இத்தனை நாள் சொல்லலை. புள்ளை பயந்து கெடக்கறா. நீங்க அடிச்சா நாம அவளை இழந்துருவோம்" என்று ஆரம்பியுங்கள். கத்துவார். கத்தட்டும். லாரிக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் மகளையே நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள். கோபம் அடங்கியதும் முதலில் கலங்குவது அவர்கள்தான். அப்பா அடிக்காமல், "என்ன தங்கம் ஆச்சு" என்று பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் மகள் உடைந்து அழுதுவிடுவாள் என்பது என் நம்பிக்கை.

பள்ளிக்கூடத்தை நிறுத்தவே கூடாது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தால் அவனைத் தவிர வேறு நினைப்பு எப்படி வரும்? அவள் மதிக்கும் ஒரு டீச்சரிடம் மட்டும், "பொண்ணு மனசு சரியில்லை, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லி வையுங்கள். முழுக் கதையும் தேவையில்லை. அவன் விலக்கி வைத்த அந்தத் தோழியை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அவளைச் சுற்றி அவன் கட்டிய சுவரில் முதல் கல்லை அந்தத் தோழிதான் எடுப்பாள்.

அவனை நீங்கள் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டாம். கெஞ்சினால் உங்கள் பலவீனம் தெரியும். மிரட்டினால் அதையே ரெக்கார்டு செய்து உங்கள் மகளுக்குப் போட்டுக் காட்டுவான். மோதிரம் போனால் போகட்டும், அதைக் கேட்டும் போகாதீர்கள். அவன் பள்ளி வாசலில் வந்து நின்றாலோ, கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாலோ, மிரட்டினாலோ அப்போது பேச வேண்டியது காவல் துறை. நீங்களும் கணவரும் சேர்ந்து அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். 18 நிரம்பாத பெண்ணைப் பெற்றோர் பாதுகாப்பிலிருந்து கூட்டிப் போவது கடத்தல் குற்றம். அவளே விரும்பி வந்தாள் என்பது செல்லாது. 1098லும், பெண்கள் உதவி எண்ணான 181லும் வழி கேட்கலாம்.

மே மாதம் வரும். 18 முடிந்த பிறகு அவள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் சட்டம் அவள் பக்கம்தான். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குள் அவள் கையில் எவ்வளவு சேர்க்க முடியுமோ சேர்த்துவிடுங்கள். மார்ச்சில் பரீட்சை எழுதட்டும். ரிசல்ட் வந்ததும் கல்லூரியில் சேரட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் அவளிடம் மட்டுமே இருக்கட்டும் என்று இப்போதே பழக்குங்கள். உங்களிடமும் வேண்டாம். தன் காசைத் தானே வைத்துக்கொண்டு பழகிய பெண்ணிடம் அடுத்த தடவை மோதிரம் கேட்பது அவனுக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.

பேசிய பிறகு எழுதுங்கள். அவள் கோபப்பட்டு எழுந்து போயிருந்தாலும் எழுதுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அப்படித்தான் முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வையுங்கள்.